பனிக்காலத்தில் ஆர்.வி. ஹீட்டர் நின்றால்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனிக்காலத்தில் ஆர்.வி. என்னும் வீடுபோல் அமைந்த பயண வண்டிகளில் தங்குவோர் பெரும்பாலும் நம்பியிருப்பது ஃபர்னஸ் என்னும் சாதனத்தைத்தான். அது புரொப்பேன் வாயுவை எரித்து, அந்த வெப்பத்தை 12 வோல்ட் விசிறியால் வண்டிக்குள் ஊதுகிறது. வெளியே −20 டிகிரி செல்சியஸ் நிலவும் இரவில் அது நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே தண்ணீர்க் குழாய்கள் உறையத் தொடங்கும் என்பதால், பலர் பதற்றத்தில் ஃபர்னஸையே கழற்றிப் பார்க்கிறார்கள், அல்லது விலை கூடிய கட்டுப்பாட்டுப் பலகையைப் புதிதாக வாங்கி மாற்றுகிறார்கள். ஆனால் பழுது பெரும்பாலும் ஃபர்னஸுக்கு வெளியேதான் இருக்கும்: பேட்டரியிலோ, தளர்ந்த வயர் முனையிலோ, சிலிண்டரிலோ, ரெகுலேட்டரிலோ, அடைபட்ட காற்றுப் பாதையிலோ. ஃபர்னஸ் எந்தக் கட்டம் வரை ஓடி எங்கே நின்றது என்பதைக் காது கொடுத்துக் கேட்டால், இவற்றில் எதைப் பார்ப்பது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தால் பழுது தேடும் வேலை எதையும் தொடங்கக் கூடாது. வண்டியில் இருக்கும் அனைவரும் உடனே வெளியேறி, சிலிண்டரை மூடி, கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிட வேண்டும். யாருக்கேனும் தலைவலியோ குமட்டலோ இருந்தால் அவசர உதவியை அழைக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை என்பதால், "ஒன்றும் தெரியவில்லையே, அலாரம்தான் கெட்டிருக்கும்" என்று அதன் பேட்டரியைக் கழற்றுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. புரொப்பேன் கசியும் மணம் வந்தாலும் இதே ஒழுங்குதான். கூடுதலாக, எந்த மின்சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையோரம் தேங்கி நிற்கும். அதற்கான அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பதும் இதனால்தான்.

ஃபர்னஸ் நின்ற இரவைச் சமையல் அடுப்பையோ ஓவனையோ எரித்துக் கழிக்கலாம் என்று எண்ணவே வேண்டாம். ஃபர்னஸின் புகை வெளிச்சுவரில் உள்ள துவாரம் வழியாக வெளியேறுகிறது. அடுப்பின் புகைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

அந்த வெளிச்சுவர்த் துவாரத்தையும் இப்போதே ஒரு முறை சென்று பாருங்கள். கூரையிலிருந்து சரிந்த பனி அதை மூடியிருக்கலாம். கோடையில் வண்டி சும்மா நின்றிருந்தால் குளவிகள் அதற்குள் மண்கூடு கட்டியிருக்கலாம். இரண்டுமே தீயைக் கெடுப்பதோடு புகையை உள்ளே திருப்பிவிடவும் கூடியவை.

ஃபர்னஸ் வேலை செய்யும் வரிசை

தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் முதலில் விசிறி மட்டும் ஓடும். அதன் காற்று போதிய வேகம் பெற்றதும், காற்றில் சாயும் ஒரு சிறு தகடு செயில் சுவிட்ச் என்பதை மூடும், அதாவது மின்சுற்றை இணைக்கும். அதே மின்சுற்றில், உட்பகுதி மிதமிஞ்சிச் சூடானால் திறந்துகொள்ளும் லிமிட் சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் மூடியிருந்தால்தான் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுமதி கிடைக்கும். எரிகலனில் எஞ்சியிருக்கக்கூடிய வாயுவை வெளியே தள்ளுவதற்காகப் பலகை சுமார் 15 முதல் 30 வினாடி காத்திருந்து, பிறகு கேஸ் வால்வைத் திறந்து பொறியைத் தட்டும். தீ பற்றியதை மின்முனை உணர்ந்தால் வால்வு திறந்தே இருக்கும். உணராவிட்டால் சில வினாடிகளில் மூடிக்கொள்ளும். பெரும்பாலான பலகைகள் மூன்று முறை முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்துத் திரும்பப் போட்டால் அந்தப் பூட்டு விடுபடும்.

இந்த வரிசையில் ஒரு கட்டம் வரை ஓடி நின்றது என்றால், அதற்கு முந்திய கட்டங்கள் எல்லாம் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று பொருள். கீழே வரும் அறிகுறிகளும் இதே வரிசையில்தான் அமைந்துள்ளன.

அறிகுறி: விசிறிகூடச் சுழலவில்லை

மின்சாரம் வரவில்லை, அல்லது தெர்மோஸ்டாட் கேட்கவில்லை. மின்பெட்டியில் ஃபர்னஸுக்குரிய ஃபியூஸைப் பாருங்கள். பல மாடல்களில் ஃபர்னஸின் மேலேயே தனியாக ஒரு சிறு சுவிட்சும் இருக்கும், அருகில் சாமான் அடுக்கும்போது கை பட்டு அது அணைந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் பழைய இரண்டு வயர் வகையாக இருந்தால், அதைச் சுவரிலிருந்து எடுத்து, அந்த இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். விசிறி ஓடினால் பழுது தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. ஏர்கண்டிஷனரையும் சேர்த்து இயக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அதில் எந்த வயர் எதற்கு என்பது வேறு கணக்கு.

அறிகுறி: விசிறி ஓடுகிறது, ஆனால் பொறியின் சத்தமே கேட்கவில்லை

விசிறி ஓடியும் 'டிக் டிக்' என்ற பொறிச் சத்தம் வராவிட்டால், செயில் சுவிட்சோ லிமிட் சுவிட்சோ பலகைக்கு அனுமதி தரவில்லை என்று கொள்ளலாம். இங்கே ஐயப்பட வேண்டிய முதல் ஆள் மின்னழுத்தம். விசிறி என்பது மோட்டார்தானே. 10 வோல்ட்டிலும் அது சுழலும், பார்ப்பவருக்குச் சரியாக ஓடுவதுபோலவே தோன்றும், ஆனால் தகட்டைச் சாய்க்கும் அளவுக்குக் காற்று வராது. பழகிய காதுக்கு விசிறியின் சுருதி இறங்கியிருப்பது தெரியும். மற்றவர்களுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும்.

அளக்கும் இடமும் நேரமும் முக்கியம். ஓய்வில் இருக்கும் பேட்டரியின் முனைகளில் 12.4 வோல்ட் காட்டுகிறது என்பதைக் கண்டு ஆறுதல் அடைய வேண்டாம். விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஃபர்னஸுக்குள் வரும் வயர்களில் அளக்க வேண்டும். அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மின்சாரத்தின் மேல் பழி இல்லை. 11-க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் தொடத் தேவையில்லை. பேட்டரியில் 12.4 இருந்து ஃபர்னஸில் 10.8 மட்டுமே இருந்தால், இடையில் எங்கோ துருப்பிடித்த இணைப்போ தளர்ந்த திருகோ இருக்கிறது. வண்டியின் சட்டத்தோடு எதிர்முனை வயர் திருகப்பட்டிருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். சாலையில் தூவிய உப்பு ஏறி அந்த இடம்தான் அதிகம் அரிக்கிறது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பொறி வரவில்லை என்றால் காற்றைப் பார்க்க வேண்டும். அறைக் காற்று ஃபர்னஸுக்குள் திரும்பிச் செல்லும் வலைச்சன்னலுக்கு முன்னால் செருப்பு, பை, நாயின் படுக்கை எதுவும் இருக்கக் கூடாது. அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் செயில் சுவிட்சைக் கழற்றிப் பார்க்கலாம். மெல்லிய கையொன்றின் முனையில் சிறு தகடு இருக்கும். நாயோ பூனையோ வளரும் வண்டிகளில் அந்தக் கையின் அடியில் முடியும் பஞ்சும் திரண்டு சுற்றி, தகடு பாதி வழியிலேயே சிக்கி நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். முடியை எடுத்துவிட்டு விரல் நுனியால் தள்ளினால் 'கிளிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள். அதன் இரண்டு வயர்களையும் நேரடியாக இணைத்துவிட்டு ஃபர்னஸை ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. விசிறி நின்றாலும் தீ எரிய அது வழிசெய்யும் என்பதால், அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: மாலையில் நன்றாக எரிகிறது, விடியற்காலையில் நிற்கிறது

மேலே சொன்னதன் மிகப் பரவலான வடிவம் இது. பகலில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் ஃபர்னஸ் ஒழுங்காக ஓடிக் காட்டும். அவரும் பழுது இல்லை என்று அனுப்பிவிடுவார். கணக்குப் போட்டால் காரணம் புரியும். நடுத்தர ஃபர்னஸின் விசிறி சுமார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேர இரவில் அது பாதி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது 50 தான். அதுவும் 25 டிகிரி வெப்பத்தில் சொல்லப்படும் அளவு. −18 டிகிரியில் அந்தப் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே இரவின் மிகக் குளிரான வேளையில், விசிறி மிக அதிகமாக ஓட வேண்டிய வேளையில், மின்னழுத்தம் சரிந்து தகடு சாயாமல் போகிறது. காலையில் மின்னிணைப்போ சூரியத்தகடோ பேட்டரியை ஏற்றியதும் ஃபர்னஸ் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

இதற்கு ஃபர்னஸில் செய்ய ஒன்றுமில்லை. பேட்டரிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், மின்னிணைப்பு உள்ள முகாமில் தங்கலாம், இரவில் தெர்மோஸ்டாட்டைச் சில டிகிரி குறைத்து வைக்கலாம். முழுதும் காலியான ஈய-அமில பேட்டரி −7 டிகிரிக்கு அருகிலேயே உறைந்து வெடிப்பு விடக்கூடும் என்பதால், தொடர்ந்து வடியவிடுவது ஃபர்னஸைவிட பேட்டரிக்கே பெரிய கேடு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி குளிரில் மின்சாரம் கொடுப்பதில் மேலானது. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதில் மின்னேற்றக் கூடாது. அதன் உட்காவல் மின்னேற்றத்தைத் தடுத்துவிடுவதால், சார்ஜர் இணைந்திருந்தும் பேட்டரி ஏறவில்லை என்று சிலர் குழம்புகிறார்கள். அதை வண்டிக்கு உள்ளே, வெப்பம் படும் இடத்தில் பொருத்துவதே சரி.

அறிகுறி: பொறிச் சத்தம் கேட்கிறது, தீ பற்றவில்லை

இனி வாயுவின் பக்கம் வருவோம். சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பு நீலமாக, நிலையாக எரிந்தால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் நலம். அடுப்பே பற்றவில்லை, அல்லது ஃபர்னஸ் முயலும் நொடியில் அடுப்பின் தீ சுருங்குகிறது என்றால், வாயு போதிய அழுத்தத்தில் வரவில்லை. அடுப்பின் ஒரு சிறு தீக்கு வேண்டியதைவிட ஃபர்னஸுக்குப் பல மடங்கு வாயு தேவை என்பதால், அடுப்பு மட்டும் எரிவதைக் கொண்டு ஃபர்னஸுக்குப் போதும் என்று முடிவு கட்டக் கூடாது.

சிலிண்டரை மாற்றியவுடன் இப்படி ஆனால், வால்வை வேகமாகத் திறந்ததுதான் காரணமாக இருக்கும். குழாய் அறுந்தால் வாயு பீறிடாதபடி தடுக்கும் காவல் அமைப்பு, திடீர் ஓட்டத்தைக் கசிவு என்று எண்ணி வாயுவைச் சொட்டுச் சொட்டாக மட்டுமே விடும். எல்லா அடுப்புகளையும் அணைத்து, வால்வை மூடி, சில நிமிடம் பொறுத்து, மிக மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

கடுங்குளிரில் புரொப்பேனே தயங்கும். தமிழ்நாட்டுச் சமையலறைச் சிலிண்டரில் பியூட்டேனும் கணிசமாகக் கலந்திருக்கும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். வட அமெரிக்காவில் ஆர்.வி.க்கு விற்கப்படுவது ஏறக்குறைய முழுக்கப் புரொப்பேன். அதன் கொதிநிலை −42 டிகிரி என்பதால் பெரும்பாலான இரவுகளை அது தாக்குப்பிடிக்கும். ஆனால் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் திரவம் சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே எடுக்கிறது. திரவம் குறையக் குறைய அது தொடும் சுவரின் பரப்பும் குறைகிறது. −30 டிகிரியில், கால் பங்கு மட்டுமே மிஞ்சிய சிலிண்டர், 'காலி இல்லை' என்று காட்டிக்கொண்டே ஃபர்னஸைப் பட்டினி போடும். சிலிண்டரின் வெளிச்சுவரில் படியும் வெண்பனியின் மேல்விளிம்பு, உள்ளே திரவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கோடு போட்டதுபோலக் காட்டிவிடும். இரண்டு சிலிண்டர்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். சிலிண்டருக்கென்றே செய்யப்பட்ட மின்போர்வையும் உதவும். சூடு தராத வெறும் போர்வையைச் சுற்றினால் வெளிக்காற்றின் வெப்பமும் சேராமல் நிலைமை மோசமாகும். சிலிண்டரை வண்டிக்குள் கொண்டுவருவதும், அதன் அடியில் நெருப்புக் காட்டுவதும் உயிரோடு விளையாடும் வேலைகள்.

ரெகுலேட்டர் உறைவது இதிலிருந்து வேறுபட்டது. வாயுவில் ஈரம் கலந்திருந்தால், அழுத்தம் இறங்கும் குறுகிய துளையில் அது பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். வெந்நீரில் நனைத்த துணியை ரெகுலேட்டரின் மேல் சுற்றியதும் வாயு வரத் தொடங்கினால் நோய் இதுதான். தற்காலிகமாகச் சமாளித்துவிட்டு, வாயு நிரப்பும் கடையில் சொல்லி மெத்தனால் சேர்க்கச் செய்யுங்கள். துணியின் ஈரம் ரெகுலேட்டரின் மூச்சுத்துளைக்குள் போய் உறையாதபடி உடனே துடைத்துவிட வேண்டும். அந்தத் துளை எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். சக்கரம் வாரி இறைக்கும் சேறும் பனியும் படாதபடி மூடியும் இருக்க வேண்டும்.

சிலிண்டர் காலியாகும் தறுவாயில், கசிவுக்கென்று சேர்க்கும் வாடைப்பொருள் அடியில் செறிந்து, எரியும்போதுகூடக் கெட்ட வாடை வரும். அதற்காகக் கசிவு இல்லை என்று நினைத்துவிடாமல், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே நிம்மதி கொள்ளுங்கள். வாயு போதிய அழுத்தத்தில் வந்தும் தீ பற்றாவிட்டால், மின்முனையின் இடைவெளி விலகியிருக்கலாம். அது சுமார் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அழுத்தத்தை அளப்பதும் (வாயு அழுத்தத்துக்கான அலகில் 11 அங்குல நீர்மட்டம் இருக்க வேண்டும்), கேஸ் வால்வைத் தொடுவதும் உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: தீ பற்றிச் சில வினாடிகளில் அணைந்துவிடுகிறது

தீ எரிந்தும் பலகைக்கு அது தெரியவில்லை. மின்முனையில் கரி படிந்திருந்தால் மெல்லிய தேய்ப்புத்தாளால் துடைக்கலாம். அதன் பீங்கான் உறையில் கீறல் இருந்தால் முழுதாக மாற்ற வேண்டும். பலத்த காற்று வீசும்போது மட்டும் அணைகிறதென்றால், புகைத்துவாரம் உள்ள பக்கம் காற்றுக்கு எதிர்முகமாக நிற்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். எளிய வழி, பலருக்குத் தோன்றாத வழி.

அறிகுறி: சில நிமிடம் எரிந்து நிற்கிறது, விசிறி மட்டும் ஓடுகிறது, மீண்டும் எரிகிறது

ஃபர்னஸ் தன் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் தானே கொதிக்கிறது. லிமிட் சுவிட்ச் அதைக் காப்பாற்றி நிறுத்துகிறது. படுக்கையறை சூடாக வேண்டும் என்று மற்ற அறைகளின் காற்றுத்துளைகளை மூடிவைப்பவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. ஃபர்னஸுக்கு இத்தனை துளைகள் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே மூடக் கூடாது. எல்லாம் திறந்திருந்தும் நின்றால், கட்டிலுக்கடியில் செல்லும் நெகிழ்குழாய் சாமான் பெட்டியால் நசுங்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஃபர்னஸ் நலமாக இருக்கிறது, ஆனால் குழாய்கள் உறைகின்றன

குளிருக்கென்று கட்டிய பல வண்டிகளில், தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளையும் குழாய்களையும் காப்பது ஃபர்னஸிலிருந்து கிளை பிரியும் வெப்பக் காற்றுதான். புரொப்பேனை மிச்சம் பிடிக்க அறைக்குள் மின்ஹீட்டர் வைத்தால், அறை சூடாகித் தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து, ஃபர்னஸ் ஓடவே ஓடாது; மேலே இருப்பவர் சட்டையோடு உட்கார்ந்திருக்க, கீழே குழாய் வெடிக்கும். 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் சுமார் 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது, மணிக்கு 30,000 எரிக்கும் ஃபர்னஸுக்கு அது இடைவிடாமல் எரிந்தால் 14 மணி நேரம் வரும். மிச்சம் பிடிக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனாலும் −10 டிகிரிக்குக் கீழே மின்ஹீட்டரைத் துணையாக மட்டுமே வைத்து, ஃபர்னஸ் அவ்வப்போது கட்டாயம் ஓடும்படி தெர்மோஸ்டாட்டை அமைக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. 1,500 வாட் ஹீட்டர் அங்குள்ள 120 வோல்ட் மின்னிணைப்பில் 12.5 ஆம்பியர் இழுக்கும் என்பதால், வண்டியின் ஒரே மின்சுற்றில் இரண்டைச் சொருகக் கூடாது. ஒன்றைச் சொருகினாலும் அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த சாக்கெட்டை அன்றே மாற்ற வேண்டும். கூரையில் இருக்கும் ஹீட் பம்ப் வகை ஏர்கண்டிஷனரை இந்தக் குளிரில் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்; அது பெரும்பாலும் 4 டிகிரியை ஒட்டியே கைவிரித்துவிடும்.

அறிகுறி: சன்னல்களிலும் படுக்கைக்கடியிலும் ஈரம்

புகைக்குழாய் இல்லாத சிறு புரொப்பேன் ஹீட்டரை வைத்திருப்பவர்களுக்கு இது தப்பாது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஃபர்னஸ் அதைத் துவாரம் வழியாக வெளியேற்றுகிறது, சிறு ஹீட்டரோ முழுவதையும் அறைக்குள்ளேயே விடுகிறது. அந்த ஆவி சன்னலில் வழிகிறது. மெத்தைக்கும் பலகைக்கும் இடையே தேங்கிப் பூஞ்சையாகிறது. கதவுப்பூட்டில் உறைந்து காலையில் கதவைத் திறக்கவிடாமல் செய்கிறது. குளிர்கிறதே என்று கூரைத்துவாரத்தை இறுக மூடுவது ஈரத்தையும் கூட்டும், ஆக்சிஜனையும் குறைக்கும். அதை இரண்டு விரல் அளவுக்கு எப்போதும் திறந்துவைத்து, மெத்தையின் அடியில் காற்று நுழையும்படி மரச்சட்டமோ வலைவிரிப்போ போடுங்கள். தூங்கப் போகும் முன் அந்தச் சிறு ஹீட்டரை அணைத்துவிட்டு, இரவுப் பொறுப்பைப் புகைத்துவாரம் உள்ள ஃபர்னஸிடமே விடுங்கள்.